வாய் கட்டிய பூசையும் வந்தவர் நற்செய்தியும்

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலிலே கப்புகனார் தமது வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை செய்வார். மந்திரம் ஓதும் ஒலி அங்கே எழுவதில்லை. கதிர்காமத்து மரபை ஒட்டிய வழிபாடாகையால் அவ்வூரைச் சின்னக் கதிர்காமம் என்றும் மக்கள் வழங்குவர். ஆவணித் தீர்த்தத்தையொட்டி எழுவான்கரை மக்கள் குருமண்வெளித் துறைக்கு வந்து, ‘பாதை’ என்று அவர்கள் கூறும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து படுவான்கரை சேர்வர். அக்கூட்டத்தினுள் எவருக்கும் அந்தக் கோயில் தன்னைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்ததில்லை. வருபவர் வருவர், வராதோரைத் தேடி அது வாவியைக் கடந்து போவதுமில்லை.

அதே வாவிக்கரையில் மார்கழி மாதத்து மாரி மழைக்கும் வாடைக்காற்றுக்கும் நடுவே நத்தார் வருகிறது. வேதக்காரர் வீடுகளில் விளக்குகள் எரிகின்றன. இளைஞர் கூட்டமாகச் சென்று வீட்டு வாயில்களில் நின்று பாடுகின்றனர். இங்கே வாய் திறந்தாக வேண்டும். நற்செய்தி என்ற சொல்லே அது சொல்லப்பட வேண்டியது என்பதை உணர்த்துகிறது. சொல்லாது நெஞ்சுக்குள் வைத்திருப்பது அச்சமயத்தில் ஒரு குறைபாடாகவே கருதப்படும். வாய் கட்டுவதை வழிபாடாகக் கொண்ட ஒரு நெறியும், வாய் திறப்பதைக் கடமையாகக் கொண்ட ஒரு நெறியும் இவ்வாவியின் கரைகளிலே தலைமுறை தலைமுறையாக அயல் வீடுகளாக வாழ்ந்து வருகின்றன.

இவற்றுள் எது உயர்ந்தது என்பது நம் ஆராய்ச்சியன்று. நம்முன் நிற்கும் வினா வேறு. பிறர் மண்ணிலே குடியிருக்கும் ஒருவன், தான் உண்மையென்று நம்புவதை அம்மண்ணுக்குரியோரிடம் எடுத்துரைக்கலாமா? எடுத்துரைக்கலாமெனின், எந்த நிலையில் நின்று எடுத்துரைக்கலாம்?

முற்போக்காளராகிய நம்மிடம் இதற்கு நெடுநாளாக ஒரு சுருக்கமான விடை இருந்து வந்தது. போதகர் ஏகாதிபத்தியத்தின் முன்னோடி. அவர் கையிலிருந்த வேதநூலுக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது. அவ்வளவுதான். நாமும் இவ்விடையை மேடைகளிலே சொல்லி, கைத்தட்டும் பெற்றிருக்கிறோம். அதிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால் இன்று படுவான்கரைச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் அரபு நாட்டு வீடுகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே அந்நியர் நாமே. அந்நியனின் வாயைப் பற்றி நாம் கூறிவந்த விடை நம்மவருக்கும் பொருந்துமா என்று இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இங்கே வந்த அந்நியரை எடுத்துக்கொள்வோம். 1813ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த போதகர் குழுவிலே வில்லியம் ஓல்ட் என்பவரும் ஒருவர். அக்குழுவின் தலைவரான தோமஸ் கோக் 1814 மே 3ஆம் நாள் நடுக்கடலிலே தமது அறையில் இறந்து கிடந்தார். ஓல்டின் மனைவியும் அப்பயணத்திலேயே உயிர் நீத்தார். எஞ்சியோர் ஜூன் 29ஆம் நாள் காலியிலே கரையிறங்கி, யார் எங்கே செல்வது என்று பங்கிட்டுக்கொண்டபோது, மட்டக்களப்பு ஓல்டுக்கு வாய்த்தது. தன்னந்தனியராக வந்தார். தமிழ் படித்தார். பாடசாலை தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814ஆம் ஆண்டிலேயே காண்கிறது. 1815 ஏப்ரல் முதல் நாள் அவர் இறந்துபோனார். ஆகவே மட்டக்களப்பிலே அவர் கண்ட நத்தார் ஒன்றே ஒன்று.

அந்த ஒரு நத்தாரை நாம் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். மனைவியைக் கடலிலே பறிகொடுத்துப் பத்து மாதங்களாகியிருந்த ஒரு மனிதர். மழையால் பெருகிய வாவி. அரைகுறையாகக் கற்ற மொழி. பொருளீட்டும் ஆசையால் வருபவன் இத்தகைய இடத்துக்கு வந்து சாகமாட்டான். அவருடைய நேர்மையை ஐயுற நமக்கு உரிமை இல்லை.

ஆனால் நேர்மை வேறு, நிற்கும் இடம் வேறு. புளியந்தீவிலே 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைக்கு மாறி, பின்னர் பிரித்தானியரிடம் வந்திருந்தது. போதகர் தம்மெதிரே இருந்தவனைப் பார்த்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவனோ பேசியவரையும் அவருக்குப் பின்னால் நின்ற கோட்டையையும் சேர்த்தே பார்த்தான். பேசியவர் திரும்பிப் பார்க்காத காரணத்தால் கோட்டை மறைந்துவிடுமா? இவ்வுலகத்து நல்ல மனிதர் பலருடைய தவறு இத்தகையதுதான்.

கேட்டவன் எதைக் கண்டு அஞ்சினான் என்பதற்கு ஒல்லாந்தர் காலத்து வரலாறே சான்று. அவர்கள் ஆண்ட பகுதிகளிலே ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. அப்பதிவில் இல்லாதவனுக்கு வாரிசுரிமை சிக்கலாயிற்று. அரசாங்க உத்தியோகம் எட்டாததாயிற்று. எனவே மக்கள் திரளாக வந்து தலையிலே தண்ணீர் ஊற்றிக்கொண்டனர். மாலையில் வீடு திரும்பித் திருநீறு பூசிக்கொண்டனர். பிரித்தானியர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், காகிதத்திலே இருந்த அந்தப் பெருந்தொகைக் கிறிஸ்தவர்கள் சில பத்தாண்டுகளுக்குள் கரைந்து போயினர். நம் முன்னோர் பொய்யர் என்று இதைக் கொண்டு யாரும் முடிவு கட்டலாகாது. காணிக்கு உறுதி கேட்டவனிடம் ஞானஸ்நானம் கேட்டால், அவன் ஞானஸ்நானத்தைக் காணிக்குரிய கட்டணமாகவே கொடுப்பான். ஒருவன் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவனுக்கு எதுவும் குறைந்துபோகாது என்ற நிலை இருக்கும்போதுதான் அவன் சொல்லும் ‘ஆம்’ என்பதற்கும் பொருள் உண்டாகும். இந்த ஓர் அளவுகோலை மட்டும் கையிலே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஓல்டுக்குப் பின் மட்டக்களப்பிலே நெடுங்காலம் பணி செய்தவர் ரால்ஃப் ஸ்டொட். 1830களின் பிற்பகுதியிலும் 1840களிலும் இப்பகுதி வேடர்களிடையே அவர் சென்றார். அதே காலத்தில் வேடரை ஓரிடத்திலே குடியமர்த்த விரும்பிய அரசாங்கம் அவர்களுக்குக் குடிசையும் கிணறும் விதையும் கொடுத்தது. கிணறும் பாடசாலையும் ஞானஸ்நானமும் காட்டுக்குள் ஒரே பாதையால் சென்றன என்க. வேடன் எதற்குத் தலையாட்டினான் என்பதை அந்தப் போதகராலேனும் பிரித்தறிந்திருக்க முடியுமா?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தமிழகத்தார் கிறிஸ்துமஸ் என்பதை ஈழத்தவராகிய நாம் நத்தார் என்கிறோம். ‘நத்தால்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. 1497ஆம் ஆண்டு நத்தார் நாளன்று வாஸ்கோ ட காமா தென்னாபிரிக்கக் கரையோரமாகச் சென்றபோது அந்நிலப் பகுதிக்கு இட்ட பெயரும் அதுவே: நேட்டால். மட்டக்களப்பிலே தமிழ் கற்ற ஸ்டொட் 1862இல் அந்த நேட்டாலுக்கே சென்றார். 1860 நவம்பரில் முதற் கப்பலிலே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகளில் தமிழர் பெருந்தொகையினர். அவர்களிடம் பேசத் தமிழறிந்த போதகர் தேவைப்பட்டார். நம் வாவிக்கரைத் தமிழ் இப்படியாகக் கடல் கடந்து கரும்புத் தோட்டத்துக்குப் போயிற்று.

அங்கே பேசியவரும் அந்நியர், கேட்டவரும் அந்நியர். ஆனால் ஒருவர் தாமாக வந்தவர். மற்றவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தால் கட்டுண்டவர். ஸ்டொட் நல்லது செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்குத் தன் மொழியிலே பேசும் ஒரு வெள்ளையர் கிடைத்தது சிறிய ஆறுதலன்று. ஆயினும் அந்த ஒப்பந்தத்தின் நடுவே நத்தார்ப் பிரசங்கம் எவ்வாறு ஒலித்திருக்கும்? அரை நூற்றாண்டு கழித்து, 1914 ஜனவரியில், அதே நேட்டாலில் வேறோர் ஆங்கிலேயர் வந்திறங்கினார். சி. எஃப். அன்ட்ரூஸ் என்ற அவரும் குருப்பட்டம் பெற்றவரே. துறைமுகத்திலே காந்தியடிகளின் காலைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் பத்திரிகைகள் அதைப் பெரும் அவமானமாக எழுதின. இந்தியர் மீதிருந்த மூன்று பவுண் வரிக்கு எதிரான போராட்டத்தில் துணை நின்றார். வரி அவ்வாண்டே நீங்கியது. அடுத்த ஆண்டு பீஜித் தீவுக்குச் சென்று அங்குள்ள ஒப்பந்த முறையின் கொடுமையை உலகறியச் செய்தார். அவர் எத்தனை பேரைக் கிறிஸ்தவராக்கினார் என்று எவரும் கணக்கிடுவதில்லை. ஆனால் அவரிடம் ‘உங்கள் சமயம் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய மனிதனை உருவாக்குவதற்காக அவர் உழைத்தார். அத்தகைய மனிதனிடம் பேசுவது போதகருக்கும் பெருமைதான்.

இனிப் பாடசாலைகள். மட்டக்களப்புப் பகுதியிலே மிஷன் பாடசாலைகள் கல்வியைக் கொண்டுவந்தன என்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன். அக்கல்விக்கு வேறு வாயில் இல்லாதிருந்தது என்பதை மறைப்பவன் பொய்யன். காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவன் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றான். சமயம் மாறாமலே கற்றான். பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாராகி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை இப்பகுதியிலே வளர்த்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். மாற்று வாயில் ஒன்று திறந்ததும் மிஷன் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் நிலையும் மாறியது. இனி அவன் அங்கே போனால் விரும்பிப் போகிறான். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ் கொண்டுவந்தபோது இடதுசாரிகள் அதை வரவேற்றனர். நாமும் அது சரியென்றே கருதுகிறோம். அகரம் படிப்பதற்குச் செபம் விலையாகலாகாது. தேவாரம் விலையாவதும் தகாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் அறிஞர் சிலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுவர்.

பின்னர் 2004 டிசம்பர் 26 வந்தது. நத்தாருக்கு மறுநாட் காலை. நாவலடியும் கல்லடியும் கடற்கரைக் கிராமங்கள் பலவும் அழிந்தன. கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அகதி முகாம்களாயின. அவற்றின் கதவருகே நின்று எவரும் எவருடைய சமயத்தையும் விசாரிக்கவில்லை. சில நாட்களிலே உலகெங்குமிருந்து உதவி வந்தது. அதிலே பெரும்பகுதி தூய மனத்தோடு வந்தது. ஆனால் அரிசி மூட்டையோடு துண்டுப் பிரசுரம் வந்த இடங்களும் உண்டு. கூரைத் தகட்டோடு ஞாயிறு ஆராதனைக்கு அழைப்பு வந்த இடங்களும் உண்டு. பிள்ளையை இழந்த தாயிடம் அவள் இழப்புக்குத் தெய்வக் காரணம் கூற முனைந்தவரும் இருந்தனர். இவர்கள் பெரும்பாலும் தம் நாட்டு நத்தார் விடுமுறையை விட்டுவிட்டு ஓடிவந்த நல்ல உள்ளத்தினர். ஓல்டைப் போலவே அவர்களும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் இம்முறை கோட்டை இல்லை. அரிசி மூட்டை இருந்தது.

இதற்கு மருந்தாக நாட்டிலே சட்டம் கேட்டனர். 2003இல் உயர் நீதிமன்றம் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டபூர்வமாக அமைப்பதற்கான மசோதாவை ஆராய்ந்து, சமயம் பரப்புதலும் பொருளுதவியும் சேர்ந்திருப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது எனக் கூறியது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இல் அத்தீர்ப்புச் சமயச் சுதந்திரத்தை மீறுவதாகக் கருத்துத் தெரிவித்தது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடை மசோதாவின் சில பிரிவுகளை உயர் நீதிமன்றமே ஏற்கவில்லை. அது சட்டமாகவும் இல்லை. ஆனால் அந்த ஆசை மடியவில்லை.

நாம் அத்தகைய சட்டத்தை எதிர்க்கிறோம். நம் வாசகருள் சிலர் இதிலே மாறுபடக்கூடும். அரிசிக்கு ஆன்மாவை வாங்குவதை வெறுக்கும் நாம் ஏன் அதைத் தடுக்கும் சட்டத்தை எதிர்க்க வேண்டும்? ஏனெனில் அச்சட்டம் ஏழைக்குச் சிந்திக்கத் தெரியாது என்ற எண்ணத்தின் மேலே கட்டப்பட்டது. நகரத்துப் படித்தவன் தத்துவ நூல் வாசித்துச் சமயம் மாறினால் அது சிந்தனை; படுவான்கரைக் கூலிப் பெண் மாறினால் அது ஏமாற்று. இவ்வாறு பிரிப்பது வர்க்கத் திமிர். தன் குலத்தையும் குடியையும் கோயில் முறையையும் சொல்லிச் சொல்லித் தாழ்த்தப்பட்ட ஒருவன், தன்னைப் பெயர் சொல்லி அழைத்து அருகிலே இருத்தும் ஒரு சபைக்குப் போகிறான் என்றால், அவன் அரிசிக்காக மட்டுமே போனான் என்று கூறுவதற்கு நாம் யார்? அவனுக்கு இருக்கை தராத நம் கோயில் வீதியை முதலிலே விசாரிக்க வேண்டாமா? வாயைக் கட்டும் சட்டத்தைவிட, அரிசியும் கூரையும் அகதிக்கு உரிமையாகக் கிடைக்கும் ஏற்பாடே இங்கு தேவைப்பட்டது. வீட்டுக்கு உறுதி கையிலே இருப்பவன் துண்டுப் பிரசுரத்தை வாசித்துவிட்டுத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வான் அல்லது அடுப்பிலே போடுவான்.

இனி நம்மவர் அந்நியராகிய கதைக்கு வருவோம். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் திறந்து விடப்பட்ட பொருளாதாரம் தேயிலையோடு பெண்களையும் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. மண்டூருக்கு அணித்தான ஒரு சிற்றூரைச் சேர்ந்த பெண்ணொருத்தியை நாம் அறிவோம். மெதடிஸ்த குடும்பம், கணவன் போரிலே காணாமற் போனவன், இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுச் சவூதி அரேபியாவிலே ஒரு வீட்டில் நான்காண்டுகள் வேலை செய்தாள். அங்கே இஸ்லாமியர் அல்லாதார் பொதுவிலே வழிபாடு நடத்தச் சட்டம் இடந்தராது. குவைத்திலும் பஹ்ரைனிலும் தேவாலயங்கள் உண்டு. கட்டாரிலே 2008இல் கத்தோலிக்கத் தேவாலயம் திறக்கப்பட்டது. சவூதியிலே ஒன்றும் இல்லை. நான்கு நத்தாரை அவள் அவ்வீட்டுச் சமையலறையிலே கழித்தாள்.

“மண்டூர்க் கோயில் கப்புகனார் மாதிரி நானும் வாய் கட்டித்தான் கும்பிட்டன்” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அம்மம்மா சைவம்; தீர்த்தத்துக்கு மண்டூர் போனவள். ஆகையால் அவ்வுவமை அவளுக்கு இயல்பாகவே வந்தது. நமக்கு அது உறக்கம் கெடுத்த சொல். கப்புகனார் தம் கையாலேயே துணியைக் கட்டுகிறார். பூசை முடிந்ததும் தாமே அவிழ்க்கிறார். இவளுடைய வாயைக் கட்டிய துணி வேறொருவர் கையிலே இருந்தது. கடவுச்சீட்டும் அக்கையிலேதான் இருந்தது. போதகரின் வாயைப் பற்றி நூறாண்டுகளாகக் கோபித்து வரும் நாம், இவள் வாயின் கட்டைக் குறித்து ஒரு கூட்டமேனும் கூட்டினோமா? பலம் உள்ளவன் வாய் திறந்தால் அது மற்றவர் மீது பாரமாகிறது. பலமற்றவள் வாய் திறந்தால் அவளுக்கே ஆபத்தாகிறது. ‘அந்நியன் பேசலாமா’ என்ற ஒரே வினாவுக்குள் இவ்விருவரையும் அடக்கிவிட முடியாது.

அவ்வீட்டிலே நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அவள் மடியிலே வளர்ந்தது. அவளிடமே உண்டது, உறங்கியது. தாலாட்டாக அவள் பாடியவற்றுள் நத்தார்ப் பாட்டின் மெட்டும் இருந்தது; சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முனகினாள். ‘இது என்ன பாட்டு’ என்று குழந்தை கேட்டதாம். ‘எங்கட ஊர்ப் பாட்டு’ என்றாளாம். குழந்தைக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லவில்லையா என்று கேட்டோம். பிடிபட்டால் தண்டனை என்ற அச்சத்தை அவள் காரணமாகக் கூறுவாள் என்று எதிர்பார்த்தோம்.

“அது அவங்கட புள்ளயெல்லோ” என்றாள்.

இவ்விடையை நாம் பலநாள் எண்ணிப் பார்த்தோம். அவ்வீட்டுப் பெரியோர் முன் அவள் பலமற்றவள். அக்குழந்தையின் முன்னோ அவள் பலமுள்ளவள். அவள் எதைச் சொன்னாலும் அது நம்பும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் வயது அதற்கு இல்லை. அந்த ஒரே இடத்திலே தனக்கிருந்த பலத்தை அவள் கண்டுகொண்டாள், கண்டு அடக்கினாள். இருநூறு ஆண்டுகளாக மிஷன் விடுதிகள் முதலிலே நாடியது குழந்தைகளை. சமயப் பாடசாலைகள் எச்சமயத்தவை ஆயினும் இன்றும் நாடுவது குழந்தைகளை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு வீட்டு வேலைக்காரி கண்ட நியாயம் பெரிய சபைகளின் தீர்மானங்களுக்குள் நுழைய எத்தனை காலம் சென்றது!

அவள் கதையிலே இன்னொன்றும் உண்டு. அதையும் மறைக்காது சொல்ல வேண்டும். ஏனெனில் நம் அளவுகோலை அது சற்றுச் சங்கடப்படுத்துகிறது. அவ்வீட்டிலே வயது முதிர்ந்த பாட்டியார் ஒருவர் இருந்தார். மூன்றாவது டிசம்பரிலே ஒருநாள் இவள் அழுதுகொண்டு பாத்திரம் கழுவியதை அவர் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டிலே பேரீச்சம்பழம் எடுத்துவந்து அருகே அமர்ந்து, மர்யம் அம்மையார் பேரீச்ச மரத்தடியிலே தனியாகக் கிடந்து பிள்ளை பெற்ற கதையைச் சொன்னார். திருக்குர்ஆனில் அவ்வம்மையாரின் பெயரைக் கொண்ட அத்தியாயத்திலே அக்கதை உள்ளது. வலியிலே துடித்த அத்தாய்க்கு மரத்தைக் குலுக்கிப் பழம் உண்ணுமாறு ஆறுதல் கூறப்பட்டதாம். சமையலறை அரபு மொழியிலே பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. பிறந்த பிள்ளையின் பெயர் ஈசா என்பது விளங்கியது.

அம்முதியவர் தம் சமயத்தைத்தான் எடுத்துரைத்தார். கேட்டவள் வேலைக்காரி, எழுந்து போக அவளுக்கு உரிமை இல்லை. நம் அளவுகோலின்படி இது பிழைதானே? ஆனால் அவள் அதைப் பிழையாக எண்ணவில்லை. நான்கு ஆண்டுகளிலே தனக்கு நத்தார் வந்தது அன்று ஒருநாள்தான் என்றாள். அப்பாட்டியார் அவளை மாற்ற வந்தாரா, தேற்ற வந்தாரா? தட்டை எடுத்துவந்தவர் எசமானியின் தாய் என்பது உண்மை. நிலத்திலே அவளோடு சரிசமமாக அமர்ந்தார் என்பதும் உண்மை. அமர்ந்ததனால் வீட்டின் முறை மாறிவிடவில்லை. மறுநாளும் பாத்திரத்தை இவளே கழுவினாள். நாம் இதற்கு முடிவு கூறத் துணியவில்லை.

இத்தனை சொன்னபின் மட்டக்களப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட இரு அந்நியரைக் குறிப்பிடாமல் விட்டால் நியாயமாகாது. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து 1940களின் பிற்பகுதியில் வந்த இயேசு சபைக் குருமார் பலருள் யூஜின் ஹேபர்ட், பெஞ்சமின் மில்லர் ஆகியோரும் இருந்தனர். ஆசிரியராயும் கூடைப்பந்துப் பயிற்சியாளராயும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் அறிமுகமான ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தமிழ் இளைஞர் ஒருவரோடு வரும் வழியிலே காணாமற் போனார். இருவரும் திரும்பவேயில்லை. அதற்கு அடுத்த மாதமே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். மில்லர் மட்டக்களப்புச் சமாதானக் குழுவிலே மற்றையோருடன் சேர்ந்து, காணாமற் போனோரைத் தேடிவந்த தாய்மாரின் முறைப்பாடுகளை எழுதிக்கொண்டார். அத்தாய்மாருள் பெரும்பாலோர் சைவர். மில்லர் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்பிலேயே மறைந்தார். அமெரிக்கக் கடவுச்சீட்டு அவருக்குப் பின்னால் நின்ற கோட்டை என்று சொல்லலாம். அதை அவர் திரும்பிப் பார்த்தார். இராணுவ முகாமின் வாயிலிலே ஒரு தாயை விரட்டுவதுபோல் தம்மை விரட்ட முடியாது என்பதை அறிந்தார். அறிந்து அவளுக்காக அங்கே போய் நின்றார். பலத்தை மறுப்பதற்கும் மறப்பதற்கும் மூன்றாவதாக இப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது.

அவர் வாழ்ந்த ஊரிலேயே 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மரியன்னை பேராலயத்தினுள் யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மாண்டனர். மட்டக்களப்பிலே வழிபாட்டுக்கு வாய் திறப்பது எப்போதும் எல்லாருக்கும் ஆபத்தற்றதாக இருந்ததில்லை என்பதற்காக இவற்றைச் சொல்கிறோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்திலே கிறிஸ்தவர் பத்திலொரு பங்கினருக்கும் குறைந்தவர். போதகரின் பின்னால் நின்ற கோட்டை இங்குள்ள கிறிஸ்தவனின் பின்னால் இன்று இல்லை. இதை உணராது பழைய கோபத்தை இன்றைய அயலவன் மேலே கொட்டுவது வரலாறு அறியாமை.

கடைசியாக நம்மைப் பற்றி. நம் வாசகருள் ஆசிரியர் பலர். நகரத்திலிருந்து நியமனம் பெற்றுப் படுவான்கரைப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர் அவ்வூருக்கு அந்நியரே. அவரிடமும் ஒரு நற்செய்தி இருக்கிறது: சாதி பொய், சுரண்டல் நியாயமன்று, உழைப்பவனுக்கே உலகம். நாமும் அதையே நம்புகிறோம். ஆனால் நாம் கூட்டம் வைத்தபோது முன்வரிசையிலே வந்து அமர்ந்த வயற்கூலி எதற்காக வந்தான்? தன் பிள்ளையின் வகுப்பேற்றமும் நற்சான்றுப் பத்திரமும் நம் கையிலே இருப்பதை அவன் அறிவான். போடியார் வீட்டுத் திருமணத்திலும் அவன் இப்படித்தான் முன்வரிசையிலே நின்று தலையாட்டினான். அவன் எழுந்து ‘சேர், நீங்க சொல்றது சரியில்ல’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நம் வெற்றியாகக் கணக்கிட்டு இயக்கத்துக்கு அறிக்கை அனுப்பியதுண்டு. ஒல்லாந்தர் தோம்பும் அப்படித்தான் நிரம்பியது.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிவிட்டாள். சென்ற நத்தாருக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். மழை விட்டிருந்தது, வயல்களிலே வேளாண்மை பச்சைப்பசேலென்று நின்றது. அவள் ஒரு தட்டிலே கேக்கும் கொக்கிசும் வைத்து, மேலே துணி மூடி, வேலிக்கு அப்பால் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே திருவெம்பாவை விரதம். அவ்வீட்டு அம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “முட்டை போட்டதா கா?” என்று கேட்டாள். “ஓம், முட்டை போட்டதுதான்” என்றாள் இவள். “அப்ப திருவாதிரை முடியட்டும்” என்று சொல்லித் தட்டை உள்ளே கொண்டுபோய் மேலே எடுத்து வைத்துவிட்டு, வாழைச் சீப்பொன்றோடு வெளியே வந்தாள். பின்னர் இருவரும் வேலியருகே நின்று உரமானியம் இன்னும் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.